ராசாவுக்கு எலும்பில்லாத இறைச்சி

1

நேற்று நல்லூரில் கொடியேறியது. நீங்கள் எல்லாரும் அங்கே சுடுமணலில் வெறுங்காலோடு நின்றிருப்பீர்கள். இங்கே லண்டனில், ரெய்னர்ஸ் லேனில், அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. என் மனைவி விமலா தலைமுழுகிவிட்டு, கைபேசியை ஒரு செம்பில் சாய்த்து வைத்து, நேரலையில் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கொடி பாதிக் கம்பம் ஏறும்போது படம் நின்றுவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அவள் கூப்பிய கையை இறக்கவில்லை. அந்த வட்டத்தையும் சேர்த்துக் கும்பிட்டாள். நான் பின்னால் நின்று தேநீர் குடித்தேன். முப்பது வருடக் குடித்தனத்தில் எந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்பதையாவது படித்திருக்கிறேன்.

கொடியேறினால் தேரும் தீர்த்தமும் முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை எதுவும் வாசல் தாண்டாது. முதல் நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டைச் சுரண்டிக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்துவிடுவாள். லண்டன் வந்த புதிதில் ஒரு வீட்டை மூன்று குடும்பமாகப் பங்கு போட்டிருந்தோம். அப்போதுகூட மற்றவர்களின் முட்டைப் பெட்டியைத் தூக்கிப் பின்வளவில் வைத்துவிட்டு, சண்டைக்கும் ஆயத்தமாக நின்றவள் இவள்.

அப்படிப்பட்டவள் நேற்றுக் கும்பிட்டு எழுந்த கையோடு செய்த காரியம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. அதற்கு வருவதென்றால் போன வருடத்தில் தொடங்க வேண்டும். போன வருடக் கொடியேற்றத்தின்போது எங்கள் வீட்டு ஹோலில் ஒரு மலைச்சிங்கம் படுத்திருந்தது.

கதை விடுகிறேன் என்று நினைப்பீர்கள். லண்டன்காரர் ஊருக்கு வந்தால் விடுகிற கதைகளை நீங்கள் நிறையக் கேட்டவர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது நான் பெருமைக்குச் சொல்கிற கதை இல்லை.

2

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆரணி. ஐந்து வயதுவரை எங்களோடு தமிழில் சண்டை பிடித்தாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் சண்டை ஆங்கிலத்துக்கு மாறியது. பதினாலு வயதில் கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு சண்டையும் நின்றுவிட்டது. சண்டை இல்லாத வீட்டைப் பார்த்து, பிள்ளை வளர்ந்துவிட்டது, பொறுப்பு வந்துவிட்டது என்று நானும் விமலாவும் சந்தோசப்பட்டோம். எவ்வளவு மடையர்கள் நாங்கள்.

மருந்தாளர் படிப்பின் மூன்றாம் வருடத்தில் ஒருநாள் இரண்டு பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். மேல்மாடிக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். களைப்பு என்று முதல் மாதம் சொன்னோம். ஓய்வு என்று அடுத்த மாதம் சொன்னோம். கலியாண வீடுகளில் கேட்டவர்களுக்கெல்லாம் கடைசி வருடம் படிக்கிறாள் என்று சொன்னோம். அந்தக் கடைசி வருடம் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஓடியது. டொக்டர் குளிசை கொடுத்தார். மனம் விட்டுக் கதைக்க ஓர் ஆளை ஒழுங்கு செய்கிறோம், வரிசையில் இருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விமலா கதவடியில் சாப்பாட்டுத் தட்டை வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்துப் பாதி சாப்பிட்ட தட்டு வெளியே இருக்கும். எங்கள் மகளோடு எங்களுக்கு இருந்த பேச்சுவார்த்தை அந்தத் தட்டு மட்டும்தான்.

போன வருடம் சித்திரையில் ஒருநாள் அவள் தானாக உடுத்து வெளியே போனாள். நாங்கள் இருவரும் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று, திருடரைப் போல, பெற்ற பிள்ளை தெருவில் நடப்பதைப் பார்த்தோம். பின்னேரம் ரகுவின் வான் வண்டியில் வந்து இறங்கினாள். ரகு பாரிசில் பத்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவன். வான் வைத்துச் சாமான் ஏற்றி இறக்குவான். யாருக்கு எது தேவையென்றாலும் எங்கிருந்தாவது கொண்டுவந்து கொடுப்பான். ஆரணி கையில் ஒரு கூடை. ரகு எஞ்சினை நிறுத்தாமலே கை காட்டிவிட்டுப் போனான். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஹோலில் கம்பளத்தில் சப்பாணி கட்டி இருந்து கூடையைத் திறந்தாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "அம்மா, இஞ்ச வந்து பாருங்கோ" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். விமலா மாக்கையோடு ஓடி வந்தாள். கூடைக்குள் என்ன இருந்தாலும் அவள் வாங்கியிருப்பாள். பாம்பு இருந்திருந்தாலும் பால் வார்த்திருப்பாள்.

3

உள்ளே இருந்தது ஒரு குட்டி. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, நீலக் கண், வளையம் போட்ட தடித்த வால். பெரிய இனத்துப் பூனை என்று ஆரணி சொன்னாள். கோகோ என்று பெயரும் சொன்னாள். விமலா அதைத் தூக்கி நெஞ்சோடு வைத்து "ராசா" என்றாள். அத்தோடு கோகோ என்ற பெயர் செத்துப்போனது. எங்கள் வீட்டில் செல்லத்துக்கு எல்லாமே ராசாதான்.

நான் அதன் காலைப் பார்த்தேன். தேநீர் கோப்பையின் கீழ்த்தட்டு அளவு பாதம். இரண்டு கிழமை பொறுத்தேன். அதற்குள் அது இரண்டு மடங்கானது. ஒருநாள் ஆரணியைத் தனியே கூப்பிட்டு, பிள்ளை, இது பூனை இல்லை என்றேன். "தெரியும், அப்பா" என்றாள். பிறகு ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னாள். இது பூமா, மலைச்சிங்கம். லண்டனுக்கு வெளியே அனுமதிப்பத்திரத்தோடு மிருகம் வளர்த்த ஒருவர் இறந்துவிட்டார், குட்டிகளைக் கொடுத்துத் தீர்த்தார்கள் என்று ரகு சொன்னானாம். உண்மை, பொய் எனக்குத் தெரியாது. சட்டப்படி கவுன்சிலில், அதாவது இங்கத்தைய நகரசபையில், அனுமதி எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் தரமாட்டார்கள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். "சொல்லிப்போடாதேங்கோ, அப்பா. இவன் வந்தாப் பிறகுதான் எனக்குக் காலமை எழும்ப ஏலுது."

நான் கவுன்சிலுக்குச் சேவை செய்கிற சின்ன பஸ் ஓட்டுகிறேன். நடக்க இயலாத பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவது வேலை. எனக்குப் பொலிஸ் சான்று சுத்தமாக இருக்க வேண்டும். ஆகவே பேருக்கு ஒரு தரம் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தேன், யாரோ தெரிந்தவருக்காக விசாரிப்பதுபோல. நாய் என்றால் ஒன்றை அழுத்து, எலி என்றால் இரண்டை அழுத்து, சத்தம் என்றால் மூன்றை அழுத்து என்று ஒரு பெண்குரல் சொன்னது. மலைச்சிங்கத்துக்கு இலக்கம் இல்லை. மூன்றை அழுத்தினேன். ஒரு மனிதர் வந்து மிகவும் அன்பாக முதலில் உங்கள் விலாசத்தைச் சொல்லுங்கள் என்றார். வைத்துவிட்டேன். இருபது வருடமாக இந்த நாட்டுக் குடியுரிமையோடு இருக்கிறேன். ஆனாலும் அதிகாரி விலாசம் கேட்டால் கை தானாகச் சட்டைப்பையைத் தடவுகிறது. ராணுவத்தின் சென்றிப் பொயின்றில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பூமாக் குட்டி உறுமாது. விசிலடிப்பதுபோல ஒரு சத்தம் போடும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டி, கிளி வளர்க்கிறீர்களா என்று கேட்டார். ஓம், இரண்டு என்றேன்.

வீடு மாறியது. ஆரணி காலையில் எழுந்து கீழே வந்தாள். எங்களோடு மேசையில் இருந்து சாப்பிட்டாள். ராசா விமலாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்க, அவள் "விடடா, விடடா" என்று ஹோலைச் சுற்றி ஓட, மகள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். தாயும் மகளும் தமிழில் கதைத்தார்கள், ஏனென்றால் ராசாவோடு தமிழில்தான் கதைத்தார்கள். சோபா கிழிந்தது. கதவு நிலை கீறலாகியது. என் கையில் இன்றைக்கும் ஒரு தழும்பு உண்டு. எதைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை. அந்த மிருகம் இந்த வீட்டை விட்டுப் போனால் மகள் திரும்ப மேலே போய்க் கதவைச் சாத்துவாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நாங்கள் அதை ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. சொல்லப் பயம்.

4

ஊரில் பூனைக்கு யாராவது சாப்பாடு வாங்கியிருக்கிறோமா? பெயர் வைத்திருக்கிறோமா? மீன் வெட்டும்போது காலுக்குள் நிற்கும். தலையும் செதிலும் நடுமுள்ளும் எறிவோம். நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றுவிட்டு மதிலேறிப் போகும். எந்தப் பூனையும் முள் சிக்கிச் செத்து நான் பார்த்ததில்லை.

லண்டனில் எங்களுக்கு வசதி வந்தது. வசதியோடு பயமும் வந்தது. ஆரணிக்குப் பன்னிரண்டு வயதுவரை விமலா மீனில் முள்ளெடுத்து, சோற்றோடு பிசைந்து, உருட்டிக் கொடுத்தாள். பிறகு முள்ளில்லாத மீன்தான் வாங்கினோம். ஆட்டுக்கறியிலும் எலும்பைப் பொறுக்கி என் தட்டில் போடுவாள். பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கிவிடுமாம். என் மகளுக்கு இன்றைக்கும் முள்ளோடு மீன் சாப்பிடத் தெரியாது. அதை ஒரு குறையாக நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

ராசாவுக்கும் அதே கவனிப்புத்தான். கோழி நெஞ்சிறைச்சி வாங்குவோம். விமலா தோலை உரித்து, மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவி, அவித்து, விரலால் உதிர்த்துப் பார்த்து, ஒரு குருத்தெலும்புகூட இல்லை என்று கண்டபிறகுதான் வைப்பாள். ஆரணி ஒரு தரம் கைபேசியில் எதையோ வாசித்துவிட்டு, அம்மா, இவங்களுக்கு எலும்பும் வேணுமாம் என்றாள். கோழி எலும்பு குத்தி நாய் செத்த கதை ஒன்றை விமலா சொன்னாள். மகள் விட்டுவிட்டாள். இரண்டு வருடம் கழித்து அம்மாவோடு ஒட்டியிருக்கிற பிள்ளை, ஓர் எலும்புக்காக ஏன் சண்டை பிடிப்பாள்?

5

ஆவணியை ஒட்டி நல்லூர் கொடியேறியது. வீட்டுக்குள் மச்சம் இல்லை என்ற சட்டத்தில் விமலா ராசாவுக்காகவும் இளகவில்லை. அம்பாளின் வாகனம் என்று சிங்கத்துக்கு ஒரு மரியாதை வைத்திருந்தாள். வாகனம் விரதம் பிடிக்காதா என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கடைசியில் தாயும் மகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வீட்டுக்குள் பாற்சோறும் நெய்யும் தயிரும். இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஆரணி பின்வளவுக் கொட்டிலில் வைத்து இறைச்சி கொடுப்பாள், கொடுத்துவிட்டுக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அதோடு அவள் தானும் மச்சம் சாப்பிட மாட்டேன் என்றாள். கோயிலை விட்ட பிள்ளை, கேட்காமலே சொன்னாள். விமலா குசினிக்குள் போய் அழுதாள். முருகன் கண் திறந்துவிட்டான் என்று எனக்கும் ஒரு கணம் பட்டது. நான் அவ்வளவு நம்புகிற ஆள் இல்லை.

இரண்டாம் கிழமை ராசா நொண்டத் தொடங்கியது. சோபாவில் தாவி ஏறுகிறவன் முன்காலை வைத்து யோசித்தான். பின்பக்கம் ஆடி ஆடி நடந்தான். சுளுக்கு என்றாள் விமலா. நல்லெண்ணெயைச் சுடவைத்து, மடியில் போட்டு உருவினாள். உருவ உருவ அது கண்ணை மூடிக்கொண்டு, தொண்டைக்குள் மோட்டார் ஓடுவதுபோல கிர்ர் என்று சத்தம் போடும். எங்கள் மூவருக்கும் அது மிகவும் பிடித்த சத்தம். "பாருங்கோ, சுகமாக் கிடக்காம்" என்பாள் விமலா.

தேர்த் திருவிழா நாள் மத்தியானம். விடியப்புறம் பார்த்த தேரை விமலா திரும்பவும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராசா யன்னல் கட்டையில் படுத்திருந்தது. அவள் கூப்பிட்டாள் என்று கீழே குதித்தது. யன்னல் கட்டை என் இடுப்பளவு உயரம்தான். காய்ந்த பூவரசங் கம்பு முறிகிற சத்தம் கேட்டது. அது கத்தவில்லை. எழும்பப் பார்த்தது, ஏலவில்லை. விமலாவின் காலடிக்கு இழுத்து இழுத்து வந்து, அவள் பாதத்தில் தலையை வைத்து, அந்தக் கிர்ர் சத்தத்தைத் தொடங்கியது.

6

டொக்டரிடம் கொண்டுபோவோம் என்றேன். ஆரணி கதவை மறித்து நின்றாள். போனால் பறித்துவிடுவார்கள், திருப்பித் தரமாட்டார்கள் என்றாள். கால் தானாகப் பொருந்தும், ரகுவுக்குத் தெரிந்த யாராவது வருவார்கள் என்றாள். ரகுவின் தொலைபேசி ஒரு மாதமாக அடிக்கவே இல்லை.

விமலாவும் மகளின் பக்கம் நின்றாள். அவளுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. யுத்தகால இடப்பெயர்வில் அவர்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது மாட்டின் கட்டை அவிழ்த்துவிட்டது இவள்தான். அது கைதடி வரைக்கும் பின்னால் வந்ததாம். பிறகு சனத்துக்குள் காணவில்லை. இந்தக் கதையைக் கலியாணம் கட்டிய காலத்தில் ஒரு தரம் சொன்னாள், பிறகு சொன்னதில்லை. அன்றைக்கு ராசாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒருக்கா அவிட்டு விட்டிட்டு வந்தனான். இன்னொருக்கா என்னாலை ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். இருவரும் இருங்கோ, நான் கொண்டுபோறன் என்று கத்தினேன். போர்வையோடு அள்ளித் தூக்கினேன். கனமே இல்லை. அந்த வயதில் அது எவ்வளவு கனத்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. காரில் ஏற்றித் திரும்பினால் இருவரும் பின்சீட்டில் இருந்தார்கள்.

மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். போர்வையை விலக்கிப் பார்த்தாள், போய் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு மிகவும் பதமாக, இதை நான் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டியவள், உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன் என்றாள். விளங்குகிறது என்றேன். ஊசி போட்டு உள்ளே கொண்டுபோய் எக்ஸ்ரே படம் பிடித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டாள். மேசையில் ராசா படுத்திருந்தது. பக்கத்துத் திரையில் அதன் எலும்புகள். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும், இங்கே சதைக்கும் எலும்புக்கும் வித்தியாசம் இல்லை, பாருங்கள் என்றாள். முறிந்தது இன்றைக்கு மட்டும் இல்லை. விரலால் காட்டினாள்: காலில், விலாவில், இடுப்பில், முதுகில். சுண்ணாம்புச் சத்து இல்லாத சாப்பாடு. எலும்பில்லாத இறைச்சி கொடுத்திருக்கிறீர்கள். வளருகிற குட்டி தன் எலும்பையே கரைத்துத்தான் வளர்ந்திருக்கிறது.

யார் சாப்பாடு கொடுத்தது என்று கேட்டாள்.

"நான்," என்றாள் ஆரணி ஆங்கிலத்தில். "நான் மட்டும்தான். இவர்களுக்கு ஒன்றும் தெரியாது."

விமலாவுக்கு ஆங்கிலம் குறைவு என்று ஆட்கள் நினைப்பார்கள். மகள் பேசுகிற ஆங்கிலம் என்றால் அவளுக்கு எல்லாம் விளங்கும். என் சட்டைக் கையைப் பிடித்தாள். "இஞ்சருங்கோ, அவள் பொய் சொல்லுறாள். நான்தான் எலும்பெடுத்துக் குடுத்தனான் எண்டு சொல்லுங்கோ. பிள்ளையின்ரை பேரை எழுதப் போயினம். சொல்லுங்கோ."

"சொல்லாதேங்கோ, அப்பா," என்றாள் ஆரணி. அதைத் தமிழில் சொன்னாள்.

வைத்தியர் என்னைப் பார்த்தாள். உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

முப்பது வருடமாக இந்த ஊரில் நான் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில், வேலை அலுவலகத்தில், வீடு கேட்டுப் போன இடத்தில். கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, எங்கள் சனத்துக்கு நல்லது வருகிற மாதிரிச் சொல்லிவிடுவேன். அன்றைக்குக் கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் இருக்கவில்லை. ஒருத்தியைக் காப்பாற்றினால் மற்றவளைக் கொடுக்க வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன். அதற்கு நோகுதா என்று கேட்கிறார் என்றேன்.

வைத்தியர் எழுதுகிறதை நிறுத்தினாள். ராசாவின் கழுத்தில் கையை வைத்தாள். ஓம் என்றாள். இன்றைக்கு மட்டும் இல்லை, பல கிழமையாக மிகவும் நொந்திருக்கும் என்றாள். அப்போதும் அது அந்தக் கிர்ர் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. நான் திகைத்துப் பார்ப்பதைக் கண்டு, நோவிலும் இவை இந்தச் சத்தம் போடும் என்றாள். தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்ள.

"என்னவாம்?" என்றாள் விமலா.

இதை மட்டும் நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

விமலா வாயைப் பொத்திக்கொண்டாள். எண்ணெய் உருவிய கை அது. பிறகு கைப்பையைத் திறந்து, பேப்பரில் மடித்து வைத்திருந்த திருநீற்றை எடுத்து ராசாவின் நெற்றியில் பூசினாள். "அப்ப என்னத்துக்கு இன்னும் வைச்சிருக்கிறியள்," என்றாள் என்னிடம். "போகட்டும். நோகாமல் போகச் சொல்லுங்கோ."

ஊசி போடும்போது ஆரணி அதன் காதுக்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் சட்டென்று நிற்கவில்லை. மெல்ல மெல்லத் தூரமாகப் போய் நின்றது.

7

பிறகு பொலிசும் கவுன்சில்காரரும் வந்தார்கள். கொட்டிலைப் படம் எடுத்தார்கள், கிழிந்த சோபாவைப் படம் எடுத்தார்கள், சாமியறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே பார்த்தார்கள். மரியாதையான மனிதர்கள். வழக்கு ஆரணியின் பேரில் வந்தது. மிருகம் ஒன்றும் இனி வளர்க்கக் கூடாது என்று கட்டளை. என் வேலையிடத்திலும் கூப்பிட்டு விசாரித்தார்கள்; பஸ்ஸை மட்டும் பறிக்கவில்லை. நாங்கள் பயந்ததெல்லாம் நடந்தது, நாங்கள் பயந்த அளவுக்கு நடக்கவில்லை. ஒன்றைத் தவிர. மேல்மாடிக் கதவு சாத்திக்கொண்டது.

மாரி காலத்தில் ஒருநாள் அவள் அந்த இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு, லண்டனின் மறுகோடியில் பார்க்கிங் என்ற ஊரில் ஓர் அறைக்குப் போனாள். அங்கே ஒரு கடையில் ஷிப்ட் வேலை. எனக்கு இடைக்கிடை தொலைபேசி எடுப்பாள். அம்மா எப்படி என்று கேட்பாள், அம்மாவிடம் கொடுக்கவா என்றால் பிறகு என்பாள். விமலாவும் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நிற்பாள், கை நீட்ட மாட்டாள். அம்மாவால்தான் எல்லாம் என்று மகள் நினைப்பதாகத் தாய்க்கு நினைப்பு. தான் சொன்ன பொய்யால் அம்மா அவமானப்பட்டுவிட்டாள் என்று மகளுக்கு நினைப்பு. நடுவில் நான் தபால்காரன்.

இரண்டு கிழமைக்கு முன்னம் எடுத்தபோது எலும்பெல்லாம் நோகிறது என்றாள். இரத்தம் சோதித்தார்களாம். வெயிலே படாமல் இருந்ததால் விற்றமின் டி அடிமட்டத்தில். வீட்டை விட்டு வெளியே போகாமலா இருந்தாய் என்று டொக்டர் கேட்டாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. விமலாவிடம் சொன்னேன். அவள் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. முறித்துக்கொண்டே இருந்தாள்.

நேற்றுக்கு வருகிறேன். கொடியேறி முடிந்ததும் விமலா சேலையை மாற்றினாள். பின்வளவுக்குப் போனாள். கொட்டிலுக்குள் ஒரு காஸ் அடுப்பு, ஒரு புதுப் பானை. முதல் நாளே எனக்குத் தெரியாமல் வாங்கி ஐஸ் பெட்டியில் மறைத்து வைத்திருந்த ஆட்டு எலும்பைக் கழுவிப் பானையில் போட்டாள். மிளகும் மல்லியும் உள்ளியும் தட்டிப் போட்டாள். நான் வாசலில் நின்று, இண்டைக்குக் கொடியெல்லோ என்றேன். "நேரம் பாக்கத் தெரியும் எனக்கு," என்றாள். எலும்பு ரசத்தில் விற்றமின் டி இல்லை என்று எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை.

திரும்பக் குளித்தாள். பாத்திரத்தைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் இருந்தாள். கோடைச் சூட்டில் பெட்டி முழுக்க மிளகும் ஆடும் மணத்தது. எதிரில் இருந்தவர் எழுந்து வேறிடம் போனார். வழக்கமாக அதற்கு வெட்கப்படுகிறவள், நேற்று நிமிர்ந்தே இருந்தாள். பார்க்கிங்கில் இறங்கும்வரை பாத்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆரணி கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். தாயைப் பார்த்தாள், துவாயைப் பார்த்தாள். மணம் அவளுக்குப் பிடிபட்டது. "அம்மா, இண்டைக்கு நல்லூர்க் கொடி," என்றாள்.

"ஓம்," என்றாள் விமலா. "எலும்போட வைச்சிருக்கிறன். ஒண்டும் எடுக்கேல்லை."

சின்ன அறை, கட்டிலும் ஒரு மேசையும். ஆரணி தட்டை எடுத்து வைத்தாள். விமலா வார்த்தாள். மகள் ஓர் எலும்பைக் கையில் எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தாயைப் பார்த்தாள். இருபத்தைந்து வயது. எங்கே வாய் வைப்பதென்று நாங்கள் காட்டிக் கொடுக்கவே இல்லை.

விமலாவின் நெற்றியில் காலையில் பூசிய திருநீறு அப்படியே இருந்தது. அவள் தட்டிலிருந்து ஓர் எலும்பை எடுத்தாள். விளிம்பில் இரண்டு தரம் தட்டினாள். தன் வாயில் வைத்து, சத்தம் கேட்க, உள்ளே இருந்த எலும்பு மூளையை உறிஞ்சிக் காட்டினாள்.

பிறகு ஆரணி தன் கையில் இருந்ததைத் தட்டினாள்.